ஏடிஎஸ்எல்லை விட்டு கேபிளுக்கு மாறலாமா? ராத்திரி ஒன்பது மணி வேகத்தைச் சொல்லுங்கள்

கொரட்டூர்வாசி | 11 அக்டோபர் 2015, காலை 10:20

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் பல வருடமாக டெலிபோன் லைன் வழியாக வரும் ஏடிஎஸ்எல் இன்டர்நெட் ஓடுகிறது. பிளான் 8 எம்பிபிஎஸ், 20 ஜிபி வரை. அதற்கப்புறம் 1 எம்பிபிஎஸ். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் காலை, மதியம், ராத்திரி எப்போதும் 4.4 தான். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் "எட்டு 'வரை' என்றுதான் சார் சொல்லியிருக்கிறோம்" என்கிறார்கள்.

இப்போது தெருவில் டிவி கேபிள் போடுபவர் இன்டர்நெட்டும் தருகிறார். 15 எம்பிபிஎஸ், 60 ஜிபி வரை, அப்புறம் 1 எம்பிபிஎஸ். மாதக் கட்டணம் கிட்டத்தட்ட இப்போது கட்டுவதுதான். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் மோடம் இலவசமாம்.

நான் சில நாள் வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன்னில் வேலை செய்கிறேன். மகள் பிளஸ் டூ, சாயந்திரம் ஆனால் வீடியோ பாடம். மாமனாருக்கு யூடியூபில் கச்சேரி. மூன்றும் மோதிக்கொள்வது ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள்.

நோட்டீஸில் இருக்கும் எண் எனக்கும் தெரியும். வீட்டில் நிஜமாக என்ன வருகிறது என்று இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், அப்புறம் சண்டையாகி இழையைப் பூட்டிவிடுவார்கள்.

பல்லாவரம்_தம்பி | 11 அக்டோபர், காலை 10:41

அண்ணே, யோசிக்கவே வேண்டாம், மாறிடுங்க. என்னுடையது 15 எம்பிபிஎஸ் கேபிள். இப்போதுதான் டெஸ்ட் போட்டேன்: டவுன்லோடு 14.6, அப்லோடு 14.1, பிங் (பதில் திரும்பி வரும் நேரம்) 6 மில்லிசெகண்ட். ஏடிஎஸ்எல் எல்லாம் தாத்தா காலத்து டெக்னாலஜி.

இரவு ஷிஃப்ட் | 11 அக்டோபர், காலை 11:15

தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு டெஸ்ட் போட்டால் எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான். அதே டெஸ்டை ராத்திரி ஒன்பதரைக்குப் போட்டுச் சொல்லுங்க.

எங்கள் வீட்டிலும் கேபிள்தான், 20 எம்பிபிஎஸ். மத்தியானம் 19 வரும். ராத்திரி சாப்பாட்டு நேரம் தாண்டினால் 3, சில நாள் 4. பதினொன்றரைக்கு மெல்ல ஏறும். நான் வேலை பார்க்கும் இரண்டு மணிக்கு மறுபடி 20. எனக்கு இது தோதாக இருக்கிறது, ஏனென்றால் ஊர் தூங்கும்போதுதான் நான் வேலை செய்கிறேன். என் மனைவியைக் கேட்டால் வேறு பதில் சொல்வாள். இதற்கு முன் இருந்த ஏடிஎஸ்எல்லில் 6 சொச்சம்தான், ஆனால் அந்த ஆறு எப்போதும் ஆறுதான்.

மோடம் பித்தன் | 11 அக்டோபர், மதியம் 12:50

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இரண்டு பேரும் "கேபிள்" என்று சொல்வது ஒரே பொருளைத்தானா என்பதில்தான் சந்தேகம்.

தம்பி, உங்கள் வீட்டுக்குள் வரும் ஒயர் எப்படி இருக்கிறது? டிவிக்கு வருவது போல கருப்பாக, தடிமனாக, நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பியோடு திருகி மாட்டுவதா? இல்லை, கம்ப்யூட்டரில் சொருகும் லேன் ஒயரா? அப்லோடும் டவுன்லோடும் சமமாக, பிங் 6 என்று வருவதைப் பார்த்தால் லேன் ஒயர் என்று அடித்துச் சொல்வேன். அப்படியானால் அது கேபிள் மோடமே இல்லை. பக்கத்துக் கட்டடம் வரை ஃபைபர் வந்து, மொட்டை மாடியில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (பல வீடுகளுக்கு லைனைப் பிரிக்கும் பெட்டி) வைத்து, அங்கிருந்து லேன் ஒயரை இறக்கியிருக்கிறார்கள். லேன் ஒயருக்கு நூறு மீட்டர்தான் எல்லை, அதனால் ஸ்விட்ச் பக்கத்தில்தான் இருக்கும். வேகம் நன்றாக இருக்கும். ஆனால் இடி இடித்தால் முதலில் போவது அந்த ஸ்விட்ச், அடுத்து உங்கள் ரவுட்டரின் லேன் போர்ட்.

நிஜக் கேபிள் இன்டர்நெட் டிவி ஒயரிலேயே வரும். டாக்சிஸ் என்கிற முறை. டிவிக்கு ஒதுக்கிய 8 மெகாஹெர்ட்ஸ் சேனல்களில் ஒன்றை டேட்டாவுக்கு எடுத்துக்கொண்டால் அதில் சுமார் 50 எம்பிபிஎஸ் போகும். பழைய டாக்சிஸ் 2 மோடம் ஒரு சேனலோடு நின்றுவிடும். டாக்சிஸ் 3 மோடம் நாலு, எட்டு என்று சேனல்களைச் சேர்த்துக்கட்டும். நாலு சேர்ந்தால் 200 வரை. இந்த 50-ஓ 200-ஓ உங்கள் ஒரு வீட்டுக்கு இல்லை. அந்தக் கிளையில் தொங்கும் அத்தனை வீட்டுக்கும் சேர்த்து. ஒற்றைச் சேனல் வைத்துக்கொண்டு தெரு முழுக்க 15 எம்பிபிஎஸ் பிளான் விற்றிருந்தால், நாலு வீடு ஒரே நேரத்தில் முழு வேகத்தில் டவுன்லோடு போட்டாலே கணக்கு முடிந்தது. ஒரே சம்ப்பில் எல்லா வீடும் ஒரே நேரம் மோட்டார் போட்ட கதை. இரவு ஷிஃப்ட் வீட்டில் ஒன்பது மணிக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆகவே கொரட்டூர்வாசி, கேபிள்காரரிடம் "எவ்வளவு ஸ்பீட்" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் நோட்டீஸைத்தான் படிப்பார். டாக்சிஸ் 2-ஆ 3-ஆ, உங்கள் கிளையில் எத்தனை நெட் கனெக்ஷன் இருக்கிறது, இந்த இரண்டையும் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் அவர் தரும் மோடத்தைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை நெட்டில் தேடினால் தெரிந்துவிடும்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. 15 எம்பிபிஎஸ்ஸில் முழு வேகமாக இழுத்தால் 60 ஜிபி ஒன்பது மணி நேரத்தில் தீரும். உங்கள் 8-க்கு 20 ஜிபி ஐந்தரை மணி நேரம். யாரும் அப்படி ஒரே மூச்சில் இழுக்க மாட்டார்கள், சரி. ஆனாலும் மாதக் கடைசியில் நீங்கள் வாழப்போவது இரண்டு பிளானிலும் அதே 1 எம்பிபிஎஸ்ஸில்தான். மூன்று பேர் வீடியோ பார்க்கும் வீட்டுக்கு நான் 15-ஐ விட அந்த 60-க்குத்தான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

பல்லாவரம்_தம்பி | 11 அக்டோபர், இரவு 9:38

மோடம் அண்ணே, நீங்க சொன்னது சரி. நீல நிற லேன் ஒயர்தான். கேபிள்காரர் கொடுத்ததால் கேபிள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு ஷிஃப்ட் சாருக்காக இப்போது போட்டேன்: 14.2. 😎

ஒயர்மேன்62 | 12 அக்டோபர், காலை 6:05

நான் டெலிபோன் கேபிள் ஜாயிண்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏடிஎஸ்எல் வந்த நாளிலிருந்து லைனில் ஏறி இறங்கியவன் என்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

கொரட்டூர்வாசி தம்பி, 4.4 எந்நேரமும் மாறாமல் வருகிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தடயம். கூட்ட நெரிசல் என்றால் நேரத்துக்கு நேரம் ஆடும். ஆடாமல் குறைவாக வந்தால் குறை உங்கள் ஒயரில் இருக்கிறது. ஒயர் உங்களுக்கு மட்டுமே சொந்தம், அதனால் சரிசெய்யவும் முடியும்.

பிரவுசரில் 192.168.1.1 போட்டு மோடத்துக்குள் போங்கள். ஸ்டேட்டஸ் பக்கத்தில் டிஎஸ்எல் என்று இருக்கும். அதில் மூன்று எண்களை எழுதி இங்கே போடுங்கள். முதலாவது சிங்க் வேகம், அதாவது எக்ஸ்சேஞ்சுக்கும் உங்கள் மோடத்துக்கும் இடையே லைன் ஒத்துக்கொண்ட வேகம். இரண்டாவது அட்டென்யுவேஷன், வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. மூன்றாவது எஸ்என்ஆர் மார்ஜின், இரைச்சலுக்கு மேலே எவ்வளவு தலை தூக்கி நிற்கிறது என்பது.

எத்தனை எக்ஸ்டென்ஷன் போன் இருக்கிறது, போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் எங்கே மாட்டியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

கொரட்டூர்வாசி | 12 அக்டோபர், இரவு 8:12

ஐயா, நன்றி. மோடத்தில் இருப்பது இது:

சிங்க்: டவுன்லோடு 5,200 கேபிபிஎஸ், அப்லோடு 640
அட்டென்யுவேஷன்: 38 டெசிபல்
எஸ்என்ஆர் மார்ஜின்: 6 முதல் 7. போன் வந்தால் 3-க்கு இறங்குகிறது, சில சமயம் லைட் அணைந்து மறுபடி எரிகிறது.

எக்ஸ்டென்ஷன் ஒன்று, மாடியில் மாமனார் அறையில். ஸ்ப்ளிட்டர் ஹாலில் மோடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒயர்மேன்62 | 12 அக்டோபர், இரவு 9:30

5,200 சிங்க் இருந்தால் 4.4 தான் வரும். டேட்டாவைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி விலாசம் ஒட்டி அனுப்புவதில் நூற்றுக்குப் பதினைந்து வரை போய்விடும். அதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் தேயும் என்று வைத்துக்கொண்டால், 38 என்பது ஒயர் நீளம் இரண்டே முக்கால் கிலோமீட்டர். மேப்பில் பார்த்தால் எக்ஸ்சேஞ்ச் இன்னும் கிட்டத்தில் தெரியும், ஒயர் தெருத்தெருவாகச் சுற்றித்தானே வருகிறது. ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸுக்கு 24 எம்பிபிஎஸ் என்று விளம்பரம் செய்வது எக்ஸ்சேஞ்ச் வாசலில் குடியிருப்பவருக்கு. மூன்று கிலோமீட்டரைத் தொட்டால் பழைய ஏடிஎஸ்எல்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனாலும் 38 டெசிபல் லைனில் எட்டை ஒட்டி சிங்க் வரவேண்டும். உங்களுக்கு ஐந்து வருகிறது. மீதி மூன்றை ஏதோ தின்கிறது.

போன் வந்தால் மார்ஜின் இறங்குகிறது என்றால், மாடி போன் ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து வரும் கம்பி ஜோடி முதலில் ஸ்ப்ளிட்டருக்கு வரவேண்டும். அதன் போன் பக்கத்திலிருந்துதான் எல்லா எக்ஸ்டென்ஷனும் போகவேண்டும்.

அடுத்து, ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் கேளுங்கள். கரகர, படபட என்று கேட்டால் எங்கோ ஜாயிண்டில் பச்சை பூத்திருக்கிறது. வீட்டு வாசலில் வெளி ஒயர் வந்து சேரும் ரோசெட் பாக்ஸைத் திறந்து பாருங்கள். திருகாணிக்கு அடியில் கம்பி கறுத்திருந்தால் அரை அங்குலம் வெட்டி, புதுச் செம்பைத் தீட்டி மாட்டினாலே பாதி வியாதி போகும். அதற்கு அப்புறமும் இரைச்சல் இருந்தால் புகார் எழுதும்போது "நெட் ஸ்லோ" என்று எழுதாதீர்கள். "போனில் இரைச்சல்" என்று எழுதுங்கள். நெட் ஸ்லோ என்றால் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். இரைச்சல் என்றால் லைன்மேன் வருவார். தெருவில் லைன்களைப் பிரிக்கும் டிபி பாக்ஸிலோ பில்லரிலோ உங்கள் ஜோடியை வேறு நல்ல ஜோடிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மழை பிடிப்பதற்குள் செய்துகொள்ளுங்கள். உள்ளே ஜெல்லி நிரப்பிய கேபிளுக்குள் தண்ணீர் அவ்வளவு சுலபமாக ஏறாது, ஆனால் ரோடு வெட்டியவன் அரைகுறையாக மூடிய ஜாயிண்டில் ஏறும்.

மாடித்தோட்டம் | 13 அக்டோபர், காலை 7:50

எல்லோரும் டவுன்லோடையே பேசுகிறீர்கள். நான் வீட்டிலிருந்து வீடியோ எடிட் செய்து அனுப்புகிறவள். ஏடிஎஸ்எல்லில் அப்லோடு எவ்வளவு தலைகீழாக நின்றாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 1 ஜிபி ஃபைல் ஏற ராத்திரி முழுக்க மோடத்துக்குக் காவல் இருப்பேன். அதற்காகவே மாறினேன்.

மாறியபின் தெரிந்த ஒன்று: கரண்ட். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. முன்பு கரண்ட் போனாலும் நெட் ஓடும், ஏனென்றால் எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும், நம் மோடத்துக்கு மட்டும் கரண்ட் இருந்தால் போதும். இப்போது தெருக்கோடி மளிகைக் கடை மாடியில் கேபிள் ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கடையில் கரண்ட் போனால் என் நெட்டும் போச்சு. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் மோடம் மட்டும் அழகாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். 2012 மாதிரி பவர் கட் இப்போது இல்லை என்பதால் சமாளிக்கிறேன். கொரட்டூர்வாசி சார், விபிஎன்னில் மீட்டிங் நடுவே இது நடந்தால் உங்களுக்கு எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாடி | 13 அக்டோபர், காலை 9:02

சின்ன விஷயம், ஆனால் பின்னால் குத்தும். வீட்டில் சிசிடிவி கேமரா வைத்து வெளியூரிலிருந்து மொபைலில் பார்ப்பவர்கள் கவனிக்கவும். நிறைய கேபிள், லேன் ஒயர் ஆபரேட்டர்கள் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக நம் வீட்டை எட்டும் இணைய முகவரி) தருவதில்லை, பல வீடுகளை ஒரே ஐபிக்குப் பின்னால் அடைத்துவிடுவார்கள். நேரடியாக ஐபி போட்டுப் பார்க்கும் கேமரா அதோடு தெரியாது. முன்பு இருந்த ஏடிஎஸ்எல்லில் ஐபி அடிக்கடி மாறினாலும் பொது ஐபியாக வந்தது, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

இரவு ஷிஃப்ட் | 13 அக்டோபர், மதியம் 3:20

ஆக, ஏடிஎஸ்எல் யாரோடும் பங்கு இல்லாத தனி லைன், கேபிள்தான் பங்கு போடுவது, அப்படித்தானே?

மோடம் பித்தன் | 13 அக்டோபர், மாலை 6:45

அரை உண்மை. வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரைதான் தனி. எக்ஸ்சேஞ்சில் எல்லா ஜோடிகளும் ஒரு பெட்டியில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே குழாயில் வெளியே போகின்றன. அந்தக் குழாய் சின்னதாக இருந்தால் ஏடிஎஸ்எல்லும் ராத்திரி தவழும். கேபிளில் கூட்டம் தெருவிலேயே தொடங்கிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிஎஸ்என்எல் இந்த அக்டோபர் 1 முதல் குறைந்தபட்ச வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போகும் குழாயைப் பெரிதாக்காத இடங்களில் ராத்திரி நேரம் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2006 விதிப்படி வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் நம் வீட்டிலிருந்து கம்பெனியின் நோட் (நம் லைன் அவர்கள் நெட்வொர்க்கில் சேரும் இடம்) வரை கிடைக்கவேண்டும். நோட் வரை என்பதைக் கவனியுங்கள். அதைத் தாண்டி யூடியூபும் ஆபீஸ் சர்வரும் எப்படி வருகிறது என்பது வேறு.

அதனால்தான் ஸ்பீட் டெஸ்ட் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. டெஸ்ட் தானாகவே கிட்டத்தில் இருக்கும் சர்வரைப் பிடிக்கும், பல நேரம் அது அந்தக் கம்பெனியின் சர்வராகவே இருக்கும். மும்பை, சிங்கப்பூர் சர்வரையும் தேர்ந்தெடுத்துப் போட்டுப் பாருங்கள். வைஃபையில் வேண்டாம், லேன் ஒயர் சொருகிப் போடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் ஆபீஸ் சர்வருக்கு விடாமல் பிங் ஓடவிட்டு, அதே நேரம் ஒரு வீடியோவைப் போடுங்கள். பிங் 40-லிருந்து 45 ஆனால் கவலையில்லை. 40, 210, 38, பதில் இல்லை, 170 என்று குதித்தால் ஸ்பீட் டெஸ்டில் 15 காட்டினாலும் விபிஎன் உங்கள் பொறுமையைச் சோதிக்கும்.

கொரட்டூர்வாசி | 18 அக்டோபர், இரவு 10:25

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒயர்மேன் ஐயா சொன்னபடி ரோசெட் பாக்ஸைத் திறந்தேன். ஒரு கம்பி கறுத்து, பாதி அறுந்து ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எறும்புக் கூடு வேறு. வெட்டிப் புதிதாக மாட்டி, மாடி போனை ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் கொண்டுவந்தேன். சிங்க் இப்போது 7,600, மார்ஜின் 9. ஸ்பீட் டெஸ்ட் 6.4. போன் அடித்தால் லைட் அசைவதில்லை.

கேபிளையும் விடவில்லை. கீழ் வீட்டுக்காரர் அதே கேபிள்காரரிடம் 15 எம்பிபிஎஸ் வைத்திருக்கிறார். ராத்திரி ஒன்பதேகாலுக்கு லேப்டாப்போடு அவர் வீட்டில் உட்கார்ந்தேன், காபி கொடுத்தார். லேன் ஒயரில் போட்டதில் ஒரு தடவை 11, அடுத்த தடவை 6.8. பிங் பெரும்பாலும் 25, நடுநடுவே 180. மோடம் டாக்சிஸ் 2. டிவிக்கும் மோடத்துக்கும் ஒயரைப் பிரிக்க அவர் மூன்று ஸ்ப்ளிட்டரை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டியிருக்கிறார் என்பதையும் சொல்லவேண்டும்.

மகள் பரீட்சை முடியும் வரை ஏடிஎஸ்எல்லிலேயே இருந்து, 40 ஜிபி பிளானுக்கு மாறிக்கொள்வதாக முடிவு. மாமனாருக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது: லேண்ட்லைன் இருந்தால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் பேசுவது இலவசமாமே என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

மோடம் பித்தன் | 18 அக்டோபர், இரவு 10:50

அந்த இலவசம் பிஎஸ்என்எல் லேண்ட்லைனுக்கு, மே மாதத்திலிருந்து, ராத்திரி 9 முதல் காலை 7 வரை. உங்கள் கம்பெனி எது என்று கேட்கமாட்டேன், பில்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொன்றும் சுமார் 3.5 டெசிபல் தின்னும். மூன்று வரிசையாக இருந்தால் பத்துக்கு மேல் போச்சு. உள்ளே வரும் ஒயரை முதல் ஸ்ப்ளிட்டரிலேயே பிரித்து ஒரு கால் நேராக மோடத்துக்குப் போகட்டும், டிவிக்களை மற்ற காலில் தொங்கவிடட்டும். அந்த 180 பிங் அதிலேயே கொஞ்சம் அடங்கலாம்.

ஆவடி ரயில் | 19 அக்டோபர், காலை 8:15

இழையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒயர்மேன் ஐயா, என் லைன் அட்டென்யுவேஷன் 61, சிங்க் 1,900, மார்ஜின் 8. ரோசெட், ஸ்ப்ளிட்டர் எல்லாம் பார்த்துவிட்டேன், போனில் இரைச்சலும் இல்லை. வாடகை வீடு. எங்கள் தெருவிலும் கேபிள் நெட் வந்திருக்கிறது, டாக்சிஸ் 3 மோடம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஒயர்மேன்62 | 19 அக்டோபர், காலை 8:40

61 என்றால் நாலேகால் கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்கு அந்த வேகம் நியாயமானதுதான், உங்கள் ஒயரில் கோளாறு இல்லை. யார் வந்து பார்த்தாலும் இதற்கு மேல் ஏறாது. கேபிளுக்குப் போங்கள். ஆறு மாதப் பணம் கட்டாதீர்கள், மோடத்துக்குக் காசு கேட்டாலும் பரவாயில்லை, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அந்த மாதம் முடியும் வரை லேண்ட்லைனை சரண்டர் செய்யவேண்டாம். சரண்டர் செய்யப் போகும்போது மோடம் அவர்களுடையது என்றால் அடாப்டரோடு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், டெபாசிட் திரும்பி வர அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.